மூன்று வேளையும் ஹோட்டல் சாப்பாடு: எடை குறைய வழி உண்டா?

கேள்வி: எனக்கு வயது 43. திண்டுக்கல்லில் குடும்பத்தோடு வசிக்கிறேன். விவசாயப் பம்ப்செட் விற்பனைப் பிரிவில் வேலை. வாரத்தில் ஐந்தாறு நாட்கள் பழனி, ஒட்டன்சத்திரம், தேனி, மதுரை, விருதுநகர் என்று காரில் சுற்றிக்கொண்டே இருக்கிறேன். மூன்று வேளையும் ஹோட்டல்தான். உயரம் 168 செ.மீ., எடை 86 கிலோ. சென்ற மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில், மூன்று மாத ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.2 என்று வந்தது. வெளிச் சாப்பாட்டை அடியோடு நிறுத்தச் சொல்லிவிட்டார் மருத்துவர். நிறுத்திவிட்டு எங்கே போய்ச் சாப்பிடுவது என்றுதான் தெரியவில்லை. சில மாதங்களாகக் காலையில் காபியோடு சரி. மதியம் சோற்றைத் தொடுவதில்லை. ஒரு ஜூஸ், நான்கு பிஸ்கட். டீ, காபி மட்டும் நாளுக்கு ஐந்து முறை ஆகிவிடும். பிற்பகலில் வண்டி ஓட்டும்போது கண்ணைச் சொருகிக்கொண்டு வருகிறது. இரவு வீடு திரும்பும் வழியில் ஒன்பதரை மணிக்குத்தான் வயிறாரச் சாப்பிடுகிறேன்: நான்கு பரோட்டா, சால்னா, ஓர் ஆம்லெட். சில நாட்கள் பரோட்டாவுக்குப் பதில் சப்பாத்தி. இத்தனை வயிற்றைக் கட்டியும் எடை இரண்டு கிலோ ஏறியிருக்கிறது. போகும் இடமெல்லாம் டீலர்கள் வற்புறுத்தி ஏதாவது வாங்கிக் கொடுக்கிறார்கள். என்னதான் செய்வது?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திண்டுக்கல்

உணவியல் ஆலோசகரின் பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

"இத்தனை வயிற்றைக் கட்டியும்" என்று எழுதியிருக்கிறீர்கள். பகலில் வயிற்றைக் கட்டுவதால்தான் எடை ஏறுகிறது என்பது என் கருத்து. ஹோட்டலில் சாப்பிடுவதைவிட, நாள் முழுவதும் பட்டினி கிடந்துவிட்டு இரவு ஒன்பதரை மணிக்கு ஹோட்டலுக்குள் நுழைவதுதான் உங்களைக் கெடுக்கிறது. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

பாலும் இரண்டு கரண்டிச் சர்க்கரையும் சேர்ந்த ஒரு டம்ளர் காபி அல்லது டீ ஏறத்தாழ 90 கலோரி. ஐந்து முறை என்றால் 450. கடை ஜூஸில் பழத்தோடு சர்க்கரையும் சேர்கிறது, சில கடைகளில் பாலும் சேர்கிறது. அது 200 முதல் 250 வரை போகும். நான்கு பிஸ்கட்டுக்கு ஒரு நூறு. ஆக, ஒன்றுமே சாப்பிடவில்லை என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும் பகலிலேயே 800 கலோரி உள்ளே போய்விட்டது. அதில் நார்ச்சத்து இல்லை, புரதம் சொற்பம், பெரும்பகுதி சர்க்கரை. அதனால்தான் பசி அடங்குவதே இல்லை. இரவில் ஒரு பரோட்டா, அளவைப் பொறுத்து, 250 முதல் 300 கலோரி. நான்கு பரோட்டாவோடு சால்னாவில் மிதக்கும் எண்ணெயையும் ஆம்லெட்டையும் சேர்த்தால் ஒரே வேளையில் 1,500ஐத் தொடும். மொத்தம் 2,300. உங்கள் வயது, உயரம், எடையோடு, உட்கார்ந்தபடியே செய்யும் வேலையையும் வைத்துப் பார்த்தால், உங்கள் உடல் ஒரு நாளில் செலவழிப்பதும் ஏறத்தாழ அவ்வளவுதான்.

அதாவது, நாளெல்லாம் பசியோடு அலைந்தும் ஒரு கலோரிகூட மிச்சமாகவில்லை. அதற்கு மேல் டீலர் கடையில் இரண்டு பஜ்ஜி சாப்பிட்டால் கணக்கு எகிறிவிடுகிறது. ஒரு கிலோ உடல் கொழுப்பு என்பது ஏறத்தாழ 7,700 கலோரி. தினமும் நூறு கலோரி கூடினால் போதும், இரண்டரை மாதத்தில் ஒரு கிலோ ஏறிவிடும். உங்களுக்கு ஏறிய இரண்டு கிலோ இப்படித்தான் வந்திருக்க வேண்டும். உங்கள் மன உறுதியில் குறை எதுவும் இல்லை. அதைத் தவறான நேரத்தில் செலவழிக்கிறீர்கள், அவ்வளவுதான்.

உங்கள் மருத்துவர் சொன்னதன் நோக்கம் சரியானது. எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் நீரிழிவின் முன்நிலை, 6.5 ஆகிவிட்டால் நீரிழிவு. நீங்கள் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள். உயரத்துக்கு எடை பொருத்தமா என்று காட்டும் பி.எம்.ஐ. கணக்குப்படி உங்கள் எண் 30.5. இந்தியர்களுக்கு 23 தாண்டினால் அதிக எடை, 25 தாண்டினால் உடல் பருமன். இதை உங்களைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. இந்த நிலையிலிருந்து திரும்பி வர முடியும் என்பதற்குச் சென்னையிலேயே நல்ல சான்று இருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், சர்க்கரை முன்நிலையில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வழக்கம்போல் வாழ்ந்த குழுவில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்துவிட்டது. சர்க்கரையை விலக்கி, மைதா போன்ற தீட்டிய மாவையும் எண்ணெயையும் குறைத்து, நார்ச்சத்தைக் கூட்டி, நடக்கவும் செய்த குழுவில் அது 39 சதவீதம். நீரிழிவுக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் எடுத்துக்கொண்ட குழுவுக்கும் ஏறத்தாழ அதே அளவு பலன்தான். அந்த ஆய்வில் என்னை மிகவும் கவர்ந்தது வேறொன்று: உணவையும் நடையையும் மாற்றியவர்களுக்கு எடை பெரிதாக இறங்கவே இல்லை, ஆனாலும் பலன் கிடைத்தது. எடை எந்திரம் உடனே இறங்கிக் காட்டவில்லை என்று நீங்கள் மனம் விட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இப்போதைக்கு ஆறு மாதத்தில் ஆறு கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஹோட்டலை விட வேண்டியதில்லை. காலையில் தொடங்க வேண்டும்.

எட்டரை மணிக்குள் மூன்று இட்லி சாப்பிடுங்கள். ஆவியில் வேகும் பண்டம். எண்ணெய் சேர வழியே இல்லை. ஹோட்டல் இட்லி ஒன்றுக்கு 60 கலோரி என்று வைத்துக்கொண்டாலும் மூன்றுக்கு 180தான். சட்னியைக் குறைத்து, சாம்பாரை இரண்டாம் முறை கேட்டு வாங்குங்கள். அதில்தான் பருப்பும் காயும் இருக்கிறது. ஆனால் சாம்பாரில் கிடைக்கும் புரதம் மட்டும் உங்களுக்குப் போதாது. வீட்டிலிருந்து கிளம்பும் நாட்களில் அவித்த முட்டை இரண்டை வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். மதியம் வரை பசி தாங்கும். பழக்கத்தில் "இட்லி, வடை" என்று சேர்த்தே சொல்லிவிடுவோம். அந்த வடை ஒன்றே இரண்டு மூன்று இட்லிக்குச் சமம். பொடி இட்லி என்றால் பொடியோடு எண்ணெயும் ஏறிவிடும். பொங்கல், அதிலும் நெய் வழியும் ஹோட்டல் பொங்கல், வண்டி ஓட்டப் போகும் உங்களுக்கு ஒத்துவராது.

தோசை வேண்டும் என்று தோன்றினால், ஒரு முறை கல்லருகே நின்று பாருங்கள். மாஸ்டர் கல்லைத் துடைத்து மாவை ஊற்றித் தேய்க்கிறார். அடுத்து, மூக்கு வைத்த எண்ணெய் டப்பாவை எடுத்து ஓரத்தைச் சுற்றி ஒரு வட்டம், நடுவில் ஒரு கோடு. ரோஸ்ட் என்றால் முறுகும்வரை இன்னொரு சுற்று. ரவா தோசையில் மாவு ஓட்டை ஓட்டையாக விழும். ஒவ்வோர் ஓட்டையிலும் எண்ணெய் இறங்கும், கல்லில் கிடக்கும் நேரமும் அதிகம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. கை சற்றே தாராளமாகிவிட்டால் தோசை மாவைவிட எண்ணெயில் வரும் கலோரி கூடிவிடும். ஆகவே ரோஸ்டை விட்டுவிட்டுக் கல் தோசை கேளுங்கள், அல்லது வெங்காய ஊத்தப்பம். ஆர்டர் கொடுக்கும்போதே "எண்ணெய் கம்மியாக" என்று சொல்லிவிடுங்கள். மாஸ்டர்கள் இதைக் கேட்டு முகம் சுளிப்பதில்லை. ஒரு நாளில் பத்துப் பேராவது அவர்களிடம் இப்படிக் கேட்கிறார்கள்.

சாலையோரத் தள்ளுவண்டிகளில் கம்மங்கூழும் கேழ்வரகுக் கூழும் கிடைக்கும் ஊர்களில்தான் நீங்கள் சுற்றுகிறீர்கள். மோர் கலந்து, சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு ஒரு செம்பு குடித்தால் நல்ல காலை உணவு. கூடவே தரும் எண்ணெயில் பொரித்த வற்றலை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சுத்தமான தண்ணீர் வைத்திருக்கும் வண்டியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மதியம் சோற்றைத் தொடுவதில்லை என்பது இன்றோடு போகட்டும். ஜூஸைவிட சோறு எவ்வளவோ மேல், அதோடு வரும் காய்களுக்காகவே மேல். வேக வைத்த சோறு 100 கிராமுக்கு ஏறத்தாழ 130 கலோரி. சோறு விஷமல்ல, இலையில் எத்தனை முறை விழுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அளவுச் சாப்பாடு கிடைத்தால் அதையே வாங்குங்கள். முழுச் சாப்பாடு மட்டும்தான் என்றால் அதையும் உங்களுக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம். இலை போட்டதும் பொரியல், கூட்டு வரும். சோறு வருவதற்கு முன் அவற்றைச் சாப்பிட்டுவிட்டு, இன்னொரு முறை கேளுங்கள். முழுச் சாப்பாட்டில் காய்க்கும் கூட்டுக்கும்கூட மறுமுறை உண்டு, ஆனால் நம் ஆட்கள் சோற்றை மட்டுமே மறுபடி கேட்பார்கள். காயையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றைப் பிறகு சாப்பிட்டால் ரத்தச் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது என்று ஆய்வுகளும் காட்டுகின்றன. உங்கள் எச்பிஏ1சிக்கு இது முக்கியம்.

சோறு வந்ததும் கையைப் போடாதீர்கள். அந்த முதல் சோற்றை இலையிலேயே மூன்றாகப் பிரித்து ஒதுக்குங்கள்: சாம்பாருக்கு ஒரு பங்கு, ரசத்துக்கு ஒரு பங்கு, மோருக்கு ஒரு பங்கு. இப்படிப் பிரிக்காதவர்கள் சாம்பாரிலேயே முதல் சோற்றை முடித்துவிடுகிறார்கள். ரசத்துக்கு இரண்டாம் சோறு, மோருக்கு மூன்றாம் சோறு என்று போகிறது. பிரித்து வைத்தால் சாம்பார், ரசம், மோர் என்று எல்லாமும் சாப்பிட்ட திருப்தி கிடைக்கிறது. சோறும் ஒரு தடவையோடு நின்றுவிடுகிறது. பரிமாறுகிறவர் மறுபடி வரும்போது இலைமேல் கையை வைத்து மறைத்துக்கொண்டு "ரசம் மட்டும்" என்று சொல்லுங்கள். அப்பளம் ஒன்று போதும். பாயசம் வேண்டாம். என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லும் எத்தனையோ யோசனைகளில், வீட்டுக்குப் போனதும் மறக்காமல் கடைப்பிடிப்பது இந்த மூன்று பங்கைத்தான். ஏனென்றால் இதில் எதையும் இழந்த உணர்வு வருவதில்லை.

டீ, காபியை நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஐந்தை மூன்றாக்குங்கள், மூன்றையும் சர்க்கரை இல்லாமல் குடியுங்கள். ஐந்து டம்ளரில் இரண்டு கரண்டி வீதம் போனால் அதுவே 50 கிராம் சர்க்கரை. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் வைத்துக்கொண்டால் நல்லது என்கிறது. முதல் பத்து நாட்கள் கசக்கும், பிறகு காபியின் மணமே போதும் என்றாகிவிடும். சர்க்கரைக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி என்று மாறினால் கலோரி குறையாது. இளநீர், மோர், சர்க்கரை போடாத எலுமிச்சைச் சாறு ஆகியவை எல்லா ஊர்களிலும் கிடைக்கின்றன. ஜூஸுக்கு இனி அவசியமே இல்லை. பழனிக்கும் ஒட்டன்சத்திரத்துக்கும் இடையில் ஆயக்குடியைத் தாண்டித்தான் போகிறீர்கள். அந்த ஊர்க் கொய்யாவுக்கு நிகராக எந்த ஜூஸும் இல்லை. அடர்த்தியான நார்ச்சத்து, கடித்து மெல்ல வேண்டிய பழம். ஒரு கிலோ வாங்கி வண்டியில் போட்டுக்கொள்ளுங்கள்.

மாலை ஐந்து மணியைத் தவற விடாதீர்கள். இரவுச் சாப்பாடு எப்படி அமையும் என்பது அந்த ஐந்து மணியில்தான் முடிவாகிறது. ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டல், அல்லது வேக வைத்த நிலக்கடலை ஒரு கைப்பிடி, கூடவே ஒரு கொய்யா. பஜ்ஜி, போண்டா சட்டிப் பக்கம் போகாதீர்கள். பொரித்த எண்ணெயை எந்த அளவுக்குக் கெடும்வரை பயன்படுத்தலாம் என்பதற்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 முதல் வரம்பு வைத்திருக்கிறது. கெட்டுப்போன எண்ணெயில் உருவாகும் பொருட்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. சாலையோரச் சட்டியில் கறுத்துப் போய்க் கிடக்கும் எண்ணெயை யார் அளந்து பார்க்கிறார்கள்?

இப்போது இரவு. உங்கள் நாளில் நான் மாற்றச் சொல்லும் பெரிய மாற்றம் நேரம்தான். ஒன்பதரைக்கு வழியில் சாப்பிடுவதற்குப் பதில், கடைசி டீலரைப் பார்த்து முடித்த ஊரிலேயே ஏழு, ஏழரைக்குச் சாப்பிட்டுவிட்டு வண்டியை எடுங்கள். மாலையில் சுண்டல் சாப்பிட்டிருப்பதால் பசி மிதமாக இருக்கும், எதைக் கேட்பது என்று யோசிக்கவும் முடியும். வீட்டுக்குப் போனதும் ஒரு டம்ளர் மோர். வீட்டில் எல்லாரும் சேர்ந்து உட்காரும் நாட்களில் மோரோடு அவர்களுடன் உட்காருங்கள், மறுபடி தட்டு வேண்டாம்.

பரோட்டாவைப் பற்றி உங்களிடம் விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் நீங்கள் பரோட்டாவின் தலைநகரங்களில் சுற்றுகிறவர். மைதாவை எண்ணெய் விட்டுப் பிசைந்து, உருண்டைகளாக்கி, அந்த உருண்டைகளை எண்ணெயிலேயே ஊற வைக்கிறார்கள். பிறகு எண்ணெய் தடவிய கல்மேடையில் அடித்து, வீசி, அடியில் மேடை தெரியும் அளவுக்கு மெல்லியதாக விரித்து, அதன்மேல் மறுபடி எண்ணெய் தெளித்துச் சுருட்டி வைக்கிறார்கள். தட்டிக் கல்லில் போடும்போது மீண்டும் எண்ணெய். வெந்ததும் நான்கைந்தை அடுக்கி இரு கைகளாலும் பக்கவாட்டில் அடிப்பார்களே, அப்போது அடுக்கு அடுக்காகப் பிரிவது எதனால்? ஒவ்வோர் அடுக்குக்கும் இடையில் கொழுப்பு நிற்பதால்தான். பரோட்டாவின் சுவை அந்தக் கொழுப்பில் இருக்கிறது. எண்ணெய் கம்மியாகப் போடச் சொல்லிக் கேட்க முடியாத பண்டம் அது. விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அது எண்ணெயிலேயே பொரிகிறது. கொத்துப் பரோட்டாவில் பரோட்டாவின் எண்ணெயோடு முட்டைக்கும் சால்னாவுக்கும் கல்லில் ஊற்றும் எண்ணெயும் சேர்கிறது.

பரோட்டாவே சாப்பிடாதீர்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. அப்படிச் சொன்னால் மூன்று வாரம் கடைப்பிடிப்பீர்கள், நான்காம் வாரம் ஆறு பரோட்டா சாப்பிடுவீர்கள். வாரத்தில் ஒரு நாள், உங்களுக்கு மிகவும் பிடித்த கடையில், இரண்டு பரோட்டா. கூடவே கலக்கியோ, அவித்த முட்டையோ, கறிக்குழம்பில் கிடக்கும் கறித்துண்டுகளோ. சால்னாவை மேலே ஊற்றி ஊற வைக்காமல், தனிக் கிண்ணத்தில் வாங்கித் தொட்டுக்கொள்ளுங்கள்; மேலே மிதப்பதை விட்டுவிட்டு அடியிலிருந்து எடுங்கள். நிறைய வெங்காயம் கேளுங்கள்.

சப்பாத்தியைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை நம்மிடம் வேரூன்றிவிட்டது. இரவில் சப்பாத்தி சாப்பிட்டாலே எடை குறையும் என்கிறார்கள். வீட்டில் எண்ணெய் தொடாமல் சுடும் சப்பாத்தி ஒன்று 100 கலோரி அளவில் இருக்கும். ஹோட்டலில் இருபுறமும் எண்ணெய் விட்டு மினுமினுக்கச் சுடுவது அதில் ஒன்றரை, இரண்டு மடங்கு. தொட்டுக்கொள்ளத் தேங்காயும் எண்ணெயும் தூக்கலாக இருக்கும் குருமா. மூன்று சப்பாத்தி, குருமாவைவிட மூன்று இட்லி, சாம்பார், ஒரு முட்டை எல்லா விதத்திலும் உங்களுக்கு நல்லது. மற்ற நாட்களில் இரவுக்கு இட்லி, இடியாப்பம், எண்ணெய் குறைத்த முட்டை தோசை, ஊத்தப்பம். அசைவ ஹோட்டலில் மீன் குழம்பில் வெந்த மீன், தந்தூரி கோழி. பொரித்த மீனும் சிக்கன் 65உம் வேண்டாம். எப்படிப் பார்த்தாலும் இரவு 500 கலோரிக்குள் நின்றுவிடும்.

காலை முட்டையோடு சேர்த்து 350, கொய்யா 70, மதியம் 650, மாலைச் சுண்டல் 200, சர்க்கரை இல்லாத மூன்று காபி 150, இரவு 500. கூட்டினால் 1,900 சொச்சம். இப்போதைய 2,300ஐவிட நானூறு குறைவு, ஆனால் எந்த நேரத்திலும் நீங்கள் பட்டினி இல்லை. பஜ்ஜியும் போண்டாவும் போனால் இன்னும் குறையும். முதல் மாதங்களில் வாரத்துக்குக் கால் கிலோவிலிருந்து அரைக் கிலோ வரை இறங்க வாய்ப்பு இருக்கிறது. உடல் இளைக்க இளைக்க அந்த வேகம் தணியும், அது இயல்பு.

திண்டுக்கல்காரருக்குப் பிரியாணியைப் பற்றி ஒரு வார்த்தை. சீரகச் சம்பா பிரியாணி மாதத்தில் இரண்டு மூன்று முறை இருக்கட்டும், ஆனால் மதியத்தில். ஒரு முழுத் தட்டு 700 கலோரிக்கு மேல் போகும். கறித்துண்டு, அவித்த முட்டை, தயிர்ப் பச்சடி ஆகியவற்றை முதலில் முடித்துவிட்டு, சோற்றில் மூன்றில் ஒரு பங்கை விட்டுவிடுங்கள், அல்லது கிளம்பும்போதே பார்சல் கட்டச் சொல்லுங்கள். மதுரையில் ஜிகர்தண்டாவும் அப்படித்தான்: எப்போதாவது, சிறிய டம்ளர், அன்று வேறு இனிப்பு இல்லை. சுவையில் ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த பண்டங்களுக்கு உங்கள் கலோரியைச் செலவழிக்கலாம். ஆறிப்போன போண்டாவுக்கும் டீக்கடை கேக்குக்கும் செலவழிக்க வேண்டாம்.

டீலர்கள் விஷயம். கடைக்கு வந்தவருக்கு ஒன்றும் கொடுக்காமல் அனுப்ப அவர்களுக்கு மனம் வராது, அதை மதிக்க வேண்டும். "டயட்டில் இருக்கிறேன்" என்று சொன்னால் சிரித்துக்கொண்டே தட்டை நீட்டுவார்கள். "சர்க்கரை எல்லைக்கு வந்துவிட்டது, டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார் அண்ணாச்சி" என்று சொல்லிப் பாருங்கள். உண்மையும் அதுதான். நம் ஊரில் சர்க்கரை என்ற சொல்லுக்குக் கட்டுப்படாத ஆளே கிடையாது. அவரே தனக்கும் மூன்று வருடமாக இருப்பதைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார். வெறுங்கையோடு மறுக்காமல், "ஒரு மோர் இருந்தால் கொடுங்கள்" என்று நீங்களே கேட்டு வாங்கினால் அவர் மனமும் நிறையும். ஒரு மாதத்தில் எல்லா டீலர்களுக்கும் தெரிந்துவிடும், பிறகு மோர் தானாகவே வரும்.

பத்துக் கிளைகளும் அதற்கு மேலும் உள்ள பெரிய உணவகங்கள் ஒவ்வொரு பண்டத்தின் கலோரியையும் மெனுவில் போட வேண்டும் என்று 2022 முதல் விதி இருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் சாப்பிட நேர்ந்தால் விலையைப் பார்ப்பதற்கு முன் அந்த எண்ணைப் பாருங்கள்.

எடையை வாரத்துக்கு ஒரு முறை மட்டும், ஒரே கிழமையில், காலைக்கடன் முடித்து வெறும் வயிற்றில் பாருங்கள். ஹோட்டல் உணவில் உப்பு அதிகம். பிரியாணி சாப்பிட்ட மறுநாள் உடலில் நீர் தேங்கி ஒரு கிலோ கூடிக் காட்டும். அது கொழுப்பு அல்ல, இரண்டு மூன்று நாட்களில் போய்விடும். அன்று கோபத்தில் காலை உணவை விட்டுவிடாதீர்கள். எடையைவிட இடுப்பளவு உங்களுக்கு உண்மையைச் சொல்லும். பேண்ட் அளவை நம்பாதீர்கள், தொப்பைக்குக் கீழே கட்டிக்கொண்டு பல வருடம் அதே அளவில் இருப்பவர்கள் உண்டு. நாடாவைத் தொப்புள் மட்டத்தில் சுற்றி அளந்து எழுதி வையுங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். சாப்பிட்டதும் காரில் ஏறாமல் மதியமும் இரவும் பத்துப் பதினைந்து நிமிடம் நடங்கள். ஹோட்டலிலிருந்து இரண்டு தெரு தள்ளி வண்டியை நிறுத்தினால் தானாகவே நடந்துவிடுவீர்கள். எச்பிஏ1சி மூன்று மாதச் சராசரியைத்தான் காட்டும், ஆகவே அடுத்த பரிசோதனையை மூன்று மாதம் கழித்து எடுங்கள். இடையில் மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தால் எடுத்துக்கொள்ளுங்கள்; அது தோல்வி அல்ல.

கடைசியாக, நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரி எனக்குக் கவலை தருகிறது: பிற்பகலில் வண்டி ஓட்டும்போது கண்ணைச் சொருகுகிறது என்பது. பட்டினியும் அதன்மேல் ஊற்றிய சர்க்கரை ஜூஸும் ஒரு காரணமாக இருக்கலாம். சாப்பாட்டு முறை மாறினால் இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும். ஆனால் உங்கள் எடையில் இருப்பவர்களுக்கு உறக்கத்தில் மூச்சு தடைபடும் கோளாறு வர வாய்ப்பு அதிகம். இரவில் பலமாகக் குறட்டை விடுகிறீர்களா, இடையிடையே மூச்சு நின்று திடுக்கிட்டு எழுகிறீர்களா என்று இன்றே உங்கள் மனைவியிடம் கேளுங்கள். ஆம் என்றால் காத்திருக்காதீர்கள். காது மூக்கு தொண்டை மருத்துவரையோ நுரையீரல் மருத்துவரையோ பார்த்து உறக்கப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், மதுரையின் பெரிய மருத்துவமனைகளில் அந்த வசதி இருக்கிறது. அதுவரை கண் சொருகும்போது டீ குடித்துச் சமாளித்துக்கொண்டு ஓட்ட வேண்டாம். வண்டியை நிழலில் ஓரங்கட்டி, இருபது நிமிடம் தூங்கிவிட்டுப் புறப்படுங்கள். டீலரிடம் அரை மணி நேரம் தாமதமாக வருவதாகப் போனில் சொல்லிக்கொள்ளலாம்.